கிறித்தவச் சபைப் பிரிவும் அன்றாட வழக்கும்

தமிழகத்துக் கிறித்தவ சமய வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும், கத்தோலிக்கர், உலுத்தரன் சபையார், ஆங்கிலிக்கன் சபையார் என்னும் பிரிவுகளை ஐரோப்பாவில் எழுந்த கொள்கை வேறுபாடுகளைக் கொண்டே விளக்கிச் செல்வர். அவ்வேறுபாடுகள் உண்மையே. எனினும், தஞ்சை நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் வாழ்ந்த எளிய மக்கள் தம் சபையைப் பிற சபையினின்றும் பிரித்தறிந்தது கொள்கை நூல்களால் அன்று. இறைவனை எச்சொல்லால் அழைப்பது, எவ்விசையாற் பாடுவது, கோயிலில் எவரோடு அமர்வது என்பனவே அவர்க்குச் சபையின் எல்லைகளாய் நின்றன என்பது எம் கருத்து. அதனை ஈண்டு மூன்று கூறுகளாக ஆராய்வோம்.

1. சொல்

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அண்டிரிக்கு அடிகளாரால் தமிழாக்கப்பெற்றது. நாட்டில் வழங்கிய 'தம்பிரான்' என்னும் சொல்லையே அவர் இறைவனுக்குக் கொண்டமை நூற்பெயரானே விளங்கும். ஆயின், பாவ அறிக்கைக்கென அவர் வெளியிட்ட கையேட்டின் பெயர் 'கொம்பெசியொனாயரு'. அது போர்த்துக்கீசியச் சொல்லின் தமிழ் ஒலிபெயர்ப்பேயாம். 1606-இல் மதுரை வந்த தத்துவபோதகர் வடசொல் மிக விரவிய நடையைக் கைக்கொண்டார். காலப்போக்கில் சருவேசுரன், பூசை, பாவசங்கீர்த்தனம் முதலிய சொற்கள் கத்தோலிக்கர் இல்லந்தோறும் நிலைபெற்றன.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களைத் தேடிக் கற்றவர். சமயச் சொற்கள் பலவற்றை அவர் அவற்றினின்றே எடுத்துக்கொண்டார். கொள்கையில் மாறுபட்ட இரு சபைகளும் தொடக்கத்தில் சொல்லளவில் நெருங்கியே இருந்தன என்பது இதனாற் பெறப்படும். வீரமாமுனிவர் 1728-இல் இயற்றிய 'வேதவிளக்கம்' தரங்கம்பாடியார் கொள்கையை மறுத்தெழுந்த நூல். அதற்கு ஓராண்டு முன்னர் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்', உபதேசியார் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என வகுத்துரைப்பது. ஒன்று வாதம், மற்றொன்று வாழ்வு. சபைகளின் போட்டி இவ்விரண்டு துறைகளிலும் தமிழ் உரைநடையை வளர்த்தது.

பின்னர்ப் பப்பிரிசியசு செய்த மொழிபெயர்ப்பால் 'பராபரன்' என்னும் பெயர் உலுத்தரன் சபையார் நாவில் ஊன்றியது. பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் வெளிவந்த பதிப்பு 'தேவன்' என்பதனைப் பரப்பியது. ஒருவர் செபத்தின் தொடக்கத்தில் இறைவனை விளிக்கும் சொல்லைக் கேட்ட அளவிலே அவர் சபை புலப்படும் நிலை இங்ஙனம் உண்டாயிற்று. ஒரு வீட்டார் பூசை காணச் செல்வர். அடுத்த வீட்டார் ஆராதனைக்குச் செல்வர்.

2. இசையும் பூவும்

சொல்லை மாற்றுதல் வாழ்வை மாற்றுதலாகக் கருதப்பட்டமைக்குத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) சிறந்த சான்றாவார். 'பெத்தலகேம் குறவஞ்சி' பாடிய இப்புலவர், 1820-களில் புதிய குருமார் புகுத்திய மாற்றங்களை எதிர்த்து எழுதினார். அவர் முறையீடுகள் நான்கு: பழைய வேதமொழிபெயர்ப்பைத் திருத்தலாகாது, வழிபாட்டினின்றும் தமிழிசையை விலக்கலாகாது, திருநாளிலும் மணத்திலும் பூச்சூடுதலைத் தடுக்கலாகாது, நற்கருணைக்கு வருவோர் சாதிமுறைப்படி தனித்தனியே அமரும் வழக்கை ஒழிக்கலாகாது.

இலக்கிய வரலாறு எழுதுவோர் முதன்மூன்றனைத் தமிழ்ப்பற்றெனப் போற்றி, நான்காவதனைச் சொல்லாது விடுதல் உண்டு. அது நேரிய ஆராய்ச்சி ஆகாது. சாத்திரியார்க்கு இந்நான்கும் ஒரே வாழ்க்கை முறையின் உறுப்புகள். அவர் 'வழக்கம்' எனக் காத்தது, கோயிலின் மறுபுறத்தே அமர்த்தப்பட்டோர்க்கு ஒவ்வொரு ஞாயிறும் உணர்த்தப்பட்ட இழிவாகும். பாட்டின் இனிமையை ஏற்கும் நாம் இவ்வுண்மையையும் ஏற்றல் கடன்.

3. இருக்கை

1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையை உடனடியாக முற்றும் கைவிடுமாறு சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் பிறவிடங்களிலும் பலர் அதற்கு இணங்காது விலகினர். 1840-இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானிய உலுத்தரன் சங்கத்தார் இவ்வகையிற் கடுமை காட்டாராயினர். விலகியோருட் சிலர் அவர்பாற் சென்று சேர்ந்தனர். நற்கருணை பற்றிய இறையியல் வேறுபாடு இம்மாற்றத்திற்குக் காரணமன்று. நற்கருணைக் கிண்ணத்தை எவர்க்குப்பின் எவர் பருகுவது என்பதே காரணம்.

கத்தோலிக்கரிடையும் நிலைமை வேறன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக் கோயிலில் சாதியாரைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டபோது, அதனை எதிர்த்து வழக்குமன்றம் ஏறியோரும் உளர். ஆகவே, சபை பலவாயினும் இருக்கைச் சிக்கல் ஒன்றே.

முடிபு

1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிச, பிரசுபிட்டேரிய, காங்கிரிகேசனல் மரபினர் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தனர். தமிழ் உலுத்தரன் திருச்சபை அதிற் சேரவில்லை. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட 'திருவிவிலியம்' 'கடவுள்' என்னும் பொதுச்சொல்லை ஆண்டது. ஆயினும் சீர்திருத்தச் சபையார் வீடுகளிற் பெரும்பாலும் பழைய பதிப்பே ஓதப்படுகின்றது. மூத்தோர் வாயிற் கேட்டு வளர்ந்த சொல் அவர்க்கு வெறும் மொழிபெயர்ப்பு அன்று, அதுவே செபம்.

ஆதலின், கிறித்தவத் தமிழை ஆராயும் மாணவர், சொல்லையும் இசையையும் இருக்கையையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். சொல்லை மட்டும் நோக்கின் அழகு தோன்றும். இருக்கையை மட்டும் நோக்கின் இழுக்குத் தோன்றும். இரண்டும் ஒரே கோயிலின் கூரைக்கீழ், ஒரே மக்களிடை வாழ்ந்தன என்பதே வரலாறு நமக்குக் காட்டும் உண்மையாம்.