களிம்பு பிடிச்ச கம்பி: எங்க வீட்டுக்கு டிஎஸ்எல் வந்த கதை

போன வாரம் பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு அட்டைப்பெட்டி கிடைச்சுது. உள்ளே ரெண்டு டிஎஸ்எல் மோடம், ஒரு ஸ்ப்ளிட்டர், எலி கடிச்ச கேபிள். "எடைக்குப் போட்டுடலாமா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. இரும்மா, அதுக்கு முன்னாடி இதைப் பத்தி ஒரு பதிவு போட்டுடறேன்னு உட்கார்ந்துட்டேன் :-)

எங்க ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில பாண்டிச்சேரி போறவங்க பாத்திருப்பீங்க, பாத்தி பாத்தியா தண்ணி, ஓரத்துல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். ஒரு காலத்துல இந்தப் பக்கத்து உப்பு பக்கிங்ஹாம் கால்வாய் வழியா தோணியில சென்னைக்குப் போச்சு. அந்தக் கால்வாயோட தெற்கு முனையே எங்க ஊர்தான். உப்புக் காத்து சைக்கிள் செயினைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும். டெலிபோன் கம்பியை மட்டும் விட்டுடுமா என்ன?

இந்தியாவுல பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் ஆரம்பிச்சு வெச்சப்போ முதல் ஊர்களில் சென்னையும் ஒண்ணு. எங்க வீட்டுக்கு அது வந்து சேர 2001 ஆச்சு, அதுவும் டயல்-அப். கீய்ங்ங்னு கத்தி முடிச்சு கனெக்ட் ஆகும். அதிகபட்சம் 56 கிலோபிட், நிஜத்துல அதுல பாதி வந்தாலே அன்னிக்கு அதிர்ஷ்டம். தமிழ்மணம் முகப்பு திறக்கறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சுட்டு வந்துடலாம்.

பிரச்சினை வேகம் இல்லை. நான் இணையத்துல இருந்தா போன் எங்கேஜ்டு. அப்பாவுக்கு உப்பளம் இருந்தது. வியாபாரி போன்ல கூப்பிட்டு, இருப்பு இருக்கா, என்ன விலைன்னு கேட்டுட்டுத்தான் லாரி அனுப்புவார். ஒரு சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம் லைன் கிடைக்காம, அந்த லாரி பக்கத்து அளத்துக்குப் போயிடுச்சு. ஒரு லோடு! அப்பா திட்டவே இல்லை. அதான் ரொம்ப வலிச்சுது.

போன் வயர் எவ்வளவு முக்கியம்னு 2004 டிசம்பர் 26 எல்லாருக்குமே காட்டிக் கொடுத்துச்சு. சுனாமியில எங்க பக்கத்துக் குப்பங்களும் அடி வாங்கின. ஆனா பாண்டிச்சேரிக்குத் தெற்கே நல்லவாடுங்கிற மீனவ கிராமம் தப்பிச்சுது. சிங்கப்பூர்ல வேலை பார்த்த ஊர்ப் பையன் டிவியில செய்தி பாத்துட்டு வீட்டுக்கு போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையத்து ஒலிபெருக்கியில உடனே அறிவிச்சாங்க, 3,600 பேருக்கு மேல பிழைச்சாங்க. "போன் லைனை எப்பவும் சும்மா வெச்சிருக்கணும்டா"ன்னார் அப்பா. அன்னியோட என் டயல்-அப்புக்கு வீட்டுல தடை.

இதுக்கு மூணு வாரம் கழிச்சு, 2005 ஜனவரியில, பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' ஆரம்பிச்சது. முந்தின அக்டோபர்லதான் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்திருந்தது. 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட்! (சிரிக்காதீங்க, அப்போ அது ராக்கெட்.) நாங்க எடுத்தது 2008ல. அப்பா ஒத்துக்கிட்ட காரணம் ஒண்ணே ஒண்ணு: நெட் ஓடும்போதே போனும் மணி அடிக்கும்.

அது எப்படி? குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். செப்புக் கம்பியில அதுக்கு மேல பெரிய இடம் தரிசா கிடந்தது. 1980களின் கடைசியில அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்து ஜோசப் லெக்லைடர், இறங்குற பக்கம் அகலமா, ஏறுற பக்கம் குறுகலா வெச்சா வேகம் கூடும்னு சொன்னார். ஏடிஎஸ்எல்லில் வர்ற 'ஏ' அந்த ஏற்றத்தாழ்வுதான். கம்பெனிகள் ஆசைப்பட்டது இணையத்துக்காக இல்லை, போன் கம்பியில சினிமா விக்கறதுக்கு! அப்புறம் ஸ்டான்ஃபோர்டின் ஜான் சியோஃபி குழு அந்தத் தரிசை 256 துண்டாப் பிரிச்சாங்க. எந்தத் துண்டுல இரைச்சலோ அதுல சுமையைக் குறைச்சுடும், ரொம்ப மோசம்னா விட்டுடும். எங்க ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேணாம். பாத்தி கட்டுறதுதான். கலங்கின பாத்தியை விட்டுட்டு மத்ததுல உப்பு வாருவோம்.

இனி மோடம் தேர்வு. டைப்-1ல ஒரு ஈதர்நெட் துளை, ஒரு யுஎஸ்பி. டைப்-2ல வைஃபை. வீட்டுல இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதனால டைப்-1. யுஎஸ்பியில மாட்டினா டிரைவர் சிடி, நீலத்திரைன்னு தொல்லை. ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு லேன் கார்டு வாங்கிப் போட்டேன், நிம்மதி. 192.168.1.1 திறந்து, விபிஐ 0, விசிஐ 35, பிபிபிஓஇன்னு போட்டதும் பச்சை விளக்கு எரிஞ்சுது. ஹோம் 500 திட்டத்துல ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கே கிடையாது. 2 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்தவங்க கை தூக்குங்க! எங்க தெருவுல அந்த நேரத்துக்கு முழிச்சிருந்தது நானும், டார்ச்சோட உப்பு வாரக் கிளம்புறவங்களும்தான்.

ஆனா ரெண்டாவது மாசமே, போன் மணி அடிச்சா நெட் புட்டுக்கும். ஸ்ப்ளிட்டரை மாத்தினேன். இன்னொரு மோடம் காசு கொடுத்து வாங்கினேன், அதுவும் அப்படியே. எக்ஸ்சேஞ்ச் எங்க வீட்டிலிருந்து ரெண்டரை கிலோமீட்டர்தான், இழப்பு 35 டெசிபல். அது பரவாயில்லை. ஆனா இரைச்சல் மார்ஜின் வெறும் 5. குறைஞ்சது 10 இருக்கணும். கண்டவங்களையும் மனசுக்குள்ள திட்டித் தீர்த்தேன்.

ஒருநாள் அப்பா வந்து, ஜன்னலுக்கு வெளியே நானே முறுக்கி டேப் சுத்தின மூட்டைப் பிரிச்சார். உள்ளே பச்சைப் பச்சையா. "களிம்புடா. அளத்து மோட்டார் டெர்மினல்ல வர்ற அதே களிம்பு." மணி அடிக்கிற மின்சாரம் போகும்போது அந்த மூட்டோட தடை ஏறி இறங்கும். காதுக்கு அது லேசான கரகரப்பு. மோடத்துக்கு மொத்தப் பாத்தியும் கலங்கிடும். கம்பியை வெட்டிச் சுரண்டி, ஈயம் பத்த வெச்சு, கிரீஸ் தடவி மூடினோம். மார்ஜின் 14! கூத்து என்னன்னா, டெலிபோன்காரங்களுக்கு இந்த எதிரி நூறு வருஷத்துக்கு மேல பழக்கம். கம்பியில மைனஸ் 48 வோல்ட் வெச்சதே அரிப்பு செம்பைத் தின்னாம இருக்கத்தான். என் டேப்பு மட்டும் அது தெரியாம இருந்துடுச்சு.

2020 நவம்பர்ல நிவர் புயல் எங்க ஊர்ப்பக்கம் கரையேறின ராத்திரி எங்க வீட்டுச் செப்பு வயர் அறுந்தது. இப்போ வர்றது கண்ணாடி இழை. அதை உப்பு தின்னாது. ஆனா கரண்ட் போனா அந்தப் பெட்டியும் போயிடும். பழைய போன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில ஓடினதால இருட்டிலும் மணி அடிச்சுது. அதனால இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு வயர் இழுத்து அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருக்கேன். மூட்டுல கிரீஸ் தடவியாச்சு.

மோடம் ரெண்டும் எடைக்குப் போயிடுச்சு. ஸ்ப்ளிட்டரை மட்டும் மேஜை டிராயர்ல போட்டு வெச்சிருக்கேன்.