தேவசகாயம் பிள்ளையின் மூன்றாண்டுச் சிறை

சமயத்தின்பொருட்டு உயிர் துறந்தாரைத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலமாக 'வேதசாட்சி' என்று வழங்கினர். இக்காலத்தார் 'மறைசாட்சி' என்பர். கிரேக்க மொழியில் இதற்கு மூலமான சொல் முதற்கண் வழக்குமன்றத்திற் சான்று கூறுவானையே குறித்தது. கிறித்தவர் துன்புறுத்தப்பட்ட காலத்தே, கூறிய சான்றினின்றும் பிறழாது உயிர்விட்டானுக்கு அது பெயராயிற்று.

உயிர்க்கொடை தமிழ் மண்ணிற்குப் புதிதன்று. களத்தில் வீழ்ந்தானுக்கு நடுகல் நாட்டியதும், மானம் குன்றியவழி வடக்கிருந்து உயிர் நீத்ததும் சங்க நூல்கள் அறிந்தவை. எனினும் மறவன் சாவும் சான்றாளன் சாவும் ஒருதன்மையவல்ல. மறவன் போர்க்களத்தில் ஒருமுறை துணிகின்றான். அத்துணிவு அவனைக் கொண்டுசெல்கின்றது. சான்றாளனிடத்தோ ஒரே வினா பலமுறை கேட்கப்படுகின்றது. விடையை மாற்றிக்கொண்டால் அன்றே அவன் வீடு திரும்பலாம். அவன் சிறைக்குத் திறவுகோல் அவன் கையிலேயே இருக்கின்றது. தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர் சுடப்பட்ட இரவினையே விரித்துரைப்பர். அதற்கு முற்பட்ட மூன்றாண்டுகளே ஆராய்ச்சிக்கு உரியன என்பது எம் கருத்து.

அவர் பிறந்தது 1712ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில். இயற்பெயர் நீலகண்டன். தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி. காயங்குளத்தினின்று வந்து திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஊழியம் செய்தவர். தாயார் தேவகி அம்மாள். தாய்வழி மரபின்படி நீலகண்டன் நாயராக வளர்ந்தார். மருமக்கள்தாய முறையில் ஒருவனுக்கு வீடு என்பது தாயின் தறவாடே. பொருளும் மதிப்பும் நீத்தார் கடன் ஆற்றும் உரிமையும் அதனோடு ஒட்டியவை. அவர் பின்னர் எதனை இழந்தார் என்பதை அளக்க இச்செய்தி இன்றியமையாதது.

அக்காலத்தே திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மர் (1729–1758). நீலகண்டர் பத்மநாபபுரத்து அரண்மனையிலும் அவ்வூர் நீலகண்டசுவாமி கோயிலிலும் பொறுப்புள்ள பணிகளை ஏற்றிருந்தார். 1741இல் குளச்சற்போரில் ஒல்லாந்தர் தோற்றனர். சிறைப்பட்டோருள் ஒருவராகிய எவுஸ்தாக்கியுஸ் தெ லன்னாய் என்னும் தலைவர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றும் பணியை ஏற்றார். உதயகிரிக் கோட்டைப் பணிகளின்போது நீலகண்டருக்கும் அவருக்கும் நட்பு முதிர்ந்தது. தெ லன்னாய் கத்தோலிக்கர். குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனந்தளர்ந்திருந்த நீலகண்டருக்கு அவர் யோபு என்பாரின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று கிறித்தவ மரபு கூறும். குற்றமின்றித் துன்புற்றும் இறைவனை விடாதவன் கதை அது.

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நீலகண்டர் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அளித்தவர் இயேசு சபையைச் சார்ந்த புத்தாரி அடிகள் என்னும் இத்தாலியர். ஊரின் தேர்வு நோக்கத்தக்கது. வடக்கன்குளம் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில் உள்ளது. அரண்மனை அலுவலர் ஒருவர் தம் நாட்டெல்லையைக் கடந்து சென்று பெற்ற திருமுழுக்கு இது. விளைவினை அறிந்தே சென்றார் என்று கொள்ளுதலில் தவறில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அவருக்கு இடப்பட்டது 'இலாசர்' என்னும் பெயர். அது எபிரேய மொழியில் 'எலெயாசர்' என்பதன் சிதைவு. 'கடவுள் துணை செய்தார்' என்பது பொருள். அதனை ஒலிபெயர்த்து விடாமல் பொருள்பெயர்த்துத் 'தேவசகாயம்' என்றனர். தத்துவ போதகர் முதல் வீரமாமுனிவர் வரை மதுரை மிசியோனார் தம் பெயர்களையே இந்நாட்டு வழக்கிற்கேற்ப அமைத்துக்கொண்டவர் என்பதை இலக்கிய வரலாறு பயின்றோர் அறிவர். பெயர் இம்மண்ணின் பெயராகவே இருந்தும் அது அவரைக் காக்கவில்லை.

1749ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சிறைப்படுத்தப்பட்டார். அன்று தொட்டு 1752 சனவரி 14 வரை ஏறத்தாழ மூன்றாண்டு. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமீது பின்னோக்கி அமர்த்தி, ஊர் ஊராக அவரை நடத்திச் சென்றனர் என்றும், அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினர் என்றும் மரபு கூறும். புலியூர்க்குறிச்சிப் பாறையில் ஊற்றெழுந்த கதையும், பெருவிளையில் வேப்பமரத்தோடு பிணிக்கப்பட்டிருந்த கதையும் அப்பகுதி மக்கள் இன்றும் சொல்பவை. இவற்றுள் எது நிகழ்ச்சி, எது பத்தியின் வளர்ச்சி என்று வரையறுத்தல் எளிதன்று. ஆராய்ச்சியாளர் அதில் பிடிவாதம் கொள்ள வேண்டுவதுமில்லை. ஆனால் எருமையும் எருக்கமாலையும் கவனிக்கத்தக்கவை. உயிரைப் பறித்தல் நோக்கமாயின் ஒரு நாள் போதும். எருமையேற்றி ஊர்வலம் விடுதல் உயர்குடி மதிப்பினைப் பலரறியப் பறிக்கும் தண்டம். மானத்தால் அழுத்தி அவரை மீட்க விரும்பினர் என்பதற்கு இதுவே சான்று. பழைய நெறிக்குத் திரும்பினால் பழைய பதவி என்பதே அவர்முன் வைக்கப்பட்ட வாய்ப்பு என்று கிறித்தவர் வரலாறு கூறுவது இத்தண்ட முறையோடு பொருந்துகின்றது.

இவ்விடத்தே ஒரு மறுப்பினை எதிர்கொள்ளல் வேண்டும். கேரள வரலாற்றாசிரியர் சிலர், மார்த்தாண்ட வர்மர் சமயத்திற்காக எவரையும் கொன்றவரல்லர் என்றும், கத்தோலிக்கராகிய தெ லன்னாயையே படைத்தலைவராக்கிய மன்னர் மற்றொரு கத்தோலிக்கரை ஏன் துன்புறுத்த வேண்டும் என்றும் வினவுவர். வினா நேர்மையானது, புறக்கணிக்கத் தக்கதன்று. இதற்கு விடை காண 1750ஆம் ஆண்டை நோக்க வேண்டும். அவ்வாண்டு சனவரித் திங்களில் மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கி, தாம் 'பத்மநாபதாசர்' ஆயினார். 'திருப்படிதானம்' என்று அதனை வழங்குவர். அன்று முதல் அரசு கோயிலின் உடைமை. மன்னர் அதன் ஊழியர். அந்நாளில் தேவசகாயம் சிறையில் இருந்தார்.

தெ லன்னாய் அயல்நாட்டவர். சாதி ஒழுங்கிற்குப் புறம்பே பிறந்தவர். அவர் எக்கடவுளை வணங்கினும் அவ்வொழுங்கு குலைவதில்லை. நீலகண்டரோ உள்ளிருந்தவர்; கோயிற் பணியாளர்; நாயர். அவர் விலகிச் சென்று தாழ்த்தப்பட்டாரோடு கலந்து உறவாடினார் என்று வரலாறு கூறும். அரசே கோயிலாகிய நாட்டில் இதனைச் சமயக் குற்றம் என்பதா, அரசக் குற்றம் என்பதா? பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் காலத்தது. ஆகவே 'சமயத்திற்காகவன்று, அரசிற்கு இழைத்த தவற்றிற்காக' என்பார் கூற்றும், 'சமயத்திற்காகவே' என்பார் கூற்றும் ஒரே நிகழ்ச்சியை இரு பக்கத்தினின்றும் காண்பனவே என்று கருத இடமுண்டு. இம்முடிவு எம் ஊகம். ஆயினும் தெ லன்னாய் பெற்ற மதிப்பையும் தேவசகாயம் பெற்ற தண்டத்தையும் ஒருங்கே விளக்க இதனினும் எளிய வழி எமக்குத் தோன்றவில்லை.

ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். உடலைக் காட்டில் எறிந்தனர். எஞ்சிய எலும்புகளைக் கிறித்தவர் திரட்டிக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கினர். நான்காண்டு கழித்து, 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு விடுத்த அறிக்கையில் இச்சாவினைக் குறித்துள்ளார். பின்னர் அவர் வரலாறு தென்பாண்டி நாட்டில் பாடலும் நாடகமும் ஆயிற்று. ஈழத்துக் கத்தோலிக்கர் கூத்திலும் புகுந்தது. 2012 திசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றார் பட்டமும், 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. அப்பொழுது 'பிள்ளை' என்னும் சாதிப்பெயர் விலக்கப்பட்டது. கட்டுரைத் தலைப்பில் நாம் அதனை வைத்தது கூத்தும் நாடகமும் அவரை அப்பெயராலேயே அறிந்தமையால்.

சாதியைத் துறந்தமைக்காக ஒருவர் இறந்தார். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்திலோ, 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலினுள் வேளாளரையும் நாடாரையும் பிரிக்கச் சுவர் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அது இடிந்தது. இதனை மறைத்தல் வரலாற்றிற்கு அழகன்று.

மூன்றாண்டுச் சிறையின் தன்மையை இலக்கியத்தாலும் விளக்கலாம். இங்கிலாந்தில் 1660இல் சிறைப்பட்ட சான் பனியன், இனி மக்கட்குப் போதிப்பதில்லை என்று ஒரு சொல் கூறியிருப்பின் வெளிவந்திருப்பார். கூறவில்லை, பன்னிரண்டு ஆண்டு பெட்போர்டுச் சிறையிற் கிடந்தார். அவர் எழுதிய மோட்சப் பயண நூல் 1678இல் வெளிவந்தது. அதனையே எச். ஏ. கிருட்டிண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியமாக ஆக்கி 1894இல் வெளியிட்டார். கிருட்டிண பிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் சென்னையில் கிறித்தவரானவர். காப்பியத் தொடக்கத்தில் மனைவி மக்களை விட்டு ஓடும் பயணியைத் தமிழில் வடிக்கும்போது, வீட்டார் கண்ணீர் எத்தகையது என்பதை அறிய அவருக்கு மூலநூல் வேண்டியிருந்திராது.

தேவசகாயத்திற்கும் கிருட்டிண பிள்ளைக்கும் இடையே 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் நிற்கின்றது. மதம் மாறியவன் சொத்துரிமை இழப்பான் என்னும் வழக்கினை ஆங்கிலேயர் அச்சட்டத்தால் நீக்கினர். சென்னை மாகாணத்து இந்துக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். சட்டம் நிலத்தைக் காத்தது. பந்தியில் இலையையும் வீட்டில் பேச்சையும் காக்கச் சட்டத்தால் இயலாது.

விலை கேட்கும் முறை மாறியதேயன்றி விலை ஒழிந்ததில்லை. 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின்படி, இந்து சமயத்தாரல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார், 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. திருப்பூர் இராயபுரத்துப் பனியன் தொழிற்சாலையொன்றில் தைத்துப் பிழைக்கும் ஆதிதிராவிடர் ஒருவர் திருமுழுக்குப் பெறுவாராயின், அவர் மக்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுவர். பட்டியல் சாதியினர்க்குரிய இட ஒதுக்கீடும் தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் இல்லை. தாய்ச்சமயம் திரும்பி, பழைய சாதியாராலும் ஏற்றுக்கொள்ளப்படுவாராயின் பழைய நிலை மீளும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எருமையும் எருக்கமாலையும் இங்கில்லை, துப்பாக்கியும் இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது தேவசகாயத்திற்கு இழைக்கும் அநீதி. ஆனால் திறவுகோல் எவர் கையில் இருக்கின்றது என்னும் ஓர் அமைப்பில் மட்டும் இரண்டும் ஒக்கும்.

இறுதியாக, வரலாற்றில் ஓரமாக நிற்கும் ஒருவரைக் குறிக்க வேண்டும். தேவசகாயத்தின் மனைவியார் பார்கவி அம்மாள். கணவரைப் பின்பற்றி அவரும் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். தெரேசா என்னும் புனிதையின் பெயரைத் தழுவி 'ஞானப்பூ' எனப்பட்டார். நாயர் வழக்கில் மனைவி கணவன் குடியைச் சார்ந்தவளல்லள். அவள் வீடு அவள் தாயின் வீடே. மணவுறவு முறிதலும் அவ்வழக்கில் அருமையன்று. எனவே கணவர் சிறைப்பட்ட அன்றே, புதிய சமயத்தை மறுத்துத் தாய்வீடு திரும்ப அவருக்கு வழி இருந்தது. அரசின் கண்ணும் அவர்மேல் இல்லை. ஞானப்பூ அம்மாள் திரும்பவில்லை. சுற்றத்தாரின் சினத்திற்கு எட்டாது எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் குடியேறி, அயலூராளாக அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மறைந்தார்.