மீ பிழியும் மெஷினும் ஆன்டிகிதேரா பற்சக்கரமும்



பள்ளிச் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று அகப்பட்டது. மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்துத் தேர்வுத் தாள்கள் எல்லாம் கை மையாகக் கை மையாக அதில்தான் அச்சாகின. அதை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மேசைமேல் வைத்து, "இது என்னன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே ஒரு பேரு வைங்க" என்றேன்.

வகுப்பு கலகலத்தது. "மீ பிழியுற மெஷின், சார்!" "சட்டை நசுக்கி!" "பேய் வீட்டு ரேடியோ!" பின் வரிசையில் ஒரு மாணவி மட்டும் யோசித்து, "உருட்டுப் பெட்டி" என்றாள்.

நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். கைப்பிடியைச் சுற்றினால் உருளை உருளும் என்பதை எல்லாருமே சரியாகப் பார்த்திருந்தார்கள். உருண்டால் என்ன வரும் என்பதை மட்டும் அவரவர் தமக்குத் தெரிந்ததிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள், விடுங்கள் என்று சொல்லாதீர்கள். பெரிய அறிஞர்களும் இதையே செய்திருக்கிறார்கள்.

1900-இல் கிரேக்க நாட்டின் ஆன்டிகிதேரா தீவுக்கு அருகே, கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பாளர்கள் மூழ்கிக் கிடந்த ஒரு பழைய கப்பலைக் கண்டார்கள். வெண்கலச் சிலைகளும் பளிங்குச் சிலைகளும் மேலே வந்தன. அவற்றோடு, துருப்பிடித்த ஒரு வெண்கலக் கட்டியும் வந்தது. சிலைகள் இருக்கும்போது கட்டியை யார் பார்ப்பார்கள்? ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் அது ஒரு மூலையில் கிடந்தது. 1902-இல்தான் அதற்குள் ஒரு பற்சக்கரம் தெரிவதைக் கவனித்தார்கள். கப்பல் மூழ்கியது கி.மு. முதல் நூற்றாண்டில். அந்தக் காலத்தில் இவ்வளவு நுணுக்கமான பற்சக்கரம் இருந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

உடனே பெயர் வைக்கும் வேலை தொடங்கியது. கப்பலில் கிடைத்ததால் கப்பல்காரர்களின் கருவி என்றார்கள் சிலர். சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் அஸ்ட்ரோலேப் என்று பெயர் சூட்டினார்கள். இல்லை, கோள்களின் நடையைக் காட்டும் கருவி என்றார்கள் வேறு சிலர். அஸ்ட்ரோலேப் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள். நம்ம பையனுக்கு மீ மெஷின் தெரிந்த மாதிரிதான். ஆனால் ஓர் அஸ்ட்ரோலேபுக்கு இத்தனை பற்சக்கரம் எதற்கு? அந்தக் கேள்வி பெயருக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது.

1959-இல் டெரெக் டி சொல்லா பிரைஸ் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு "பழங்காலக் கிரேக்கக் கணினி" என்ற பொருளில் இருந்தது. அது கணினி பிரபலமாகிக்கொண்டிருந்த காலம் என்பதைக் கவனியுங்கள். இன்றும் செய்தித்தாள்கள் இதை "உலகின் முதல் கணினி" என்கின்றன. எனக்கு அது கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது. கணக்குப் போடும் கருவி என்பது சரி. நாம் மேசையில் வைத்திருக்கும் கணினி போல வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

ஆனால் பிரைஸ் பெயரோடு நின்றுவிடவில்லை, அதுதான் முக்கியம். எக்ஸ்ரே எடுத்துப் பற்களை எண்ண வைத்தார். பின்னர் 2005-இல் எடுத்த நுட்பமான எக்ஸ்ரே படங்கள் இன்னும் உள்ளே காட்டின. இப்போது 82 துண்டுகளும், அவற்றில் 30 பற்சக்கரங்களும் இருப்பது தெரியும். ஒரு சக்கரத்தில் 223 பற்கள். ஏன் 223? கிட்டத்தட்ட அதே மாதிரி கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 18 ஆண்டு 11 நாளில், மறுபடி வரும். 223 ஒரு பகா எண். சின்னச் சக்கரங்களாகப் பிரித்துச் செய்ய வழியில்லை. செய்தவர் உட்கார்ந்து 223 பல்லையும் வெட்டித்தான் ஆகவேண்டும். பற்களின் எண்ணிக்கையே வேலையைச் சொல்லிவிட்டது. இன்று அதை "ஆன்டிகிதேரா பொறியமைப்பு" என்கிறார்கள். எங்கே கிடைத்தது, பொறி என்பது மட்டும். அடக்கமான பெயர்.

நம் மெஷினின் பெயரையும் பாருங்கள். சைக்ளோஸ்டைல் என்ற சொல், நுனியில் குட்டிப் பற்சக்கரம் வைத்த ஒரு பேனாவுக்கு வந்தது. மெழுகுத்தாளில் அது பொடிப்பொடியாகத் துளை போடும். துளை வழியே மை இறங்கும். பின்னாளில் பேனா போய் உருளை வந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தது. ஆகவே எங்கள் மெஷினில் அந்தப் பேனாவைத் தேடினால் கிடைக்காது.

தேர்வு எழுதும் மாணவர்களே, ஒரு பழம்பொருளின் படத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்டால், முதலில் கண்ணில் தெரிவதை எழுதுங்கள்: பல், கைப்பிடி, துளை, தேய்ந்த இடம். பெயரை அப்புறம் வையுங்கள். ஆசிரியர்களே, வேடிக்கைப் பெயர் சொல்லும் விளையாட்டைத் தாராளமாக நடத்துங்கள், "எதைப் பார்த்து அப்படிச் சொன்னே?" என்று ஒரு கேள்வியைக் கூடவே கேளுங்கள்.

நானும் கேட்டேன். "உருட்டுப் பெட்டி" மாணவி எழுந்து வந்து உருளையின் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். "சார், இங்க கறுப்பா என்னமோ காஞ்சு கிடக்கு. மை மாதிரி இருக்கு." வகுப்பு அமைதியானது. மீ மெஷின்காரன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை.

"அப்போ கிச்சாப் ஊத்துன மீயா, சார்?"