"மதுரைப் பக்கம், ராமசாமி"ன்னா யாரைத் தேடுறது?

தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், இலங்கை மலையகம் என்று பல திசையிலிருந்தும் நம்ம ஊர்ப் பக்கம் வரும் விசாரிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். "எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் ராமசாமி. ஊர் மதுரைப் பக்கம். சொந்தக்காரர் யாராவது இருந்தால் சொல்லவும்." அவ்வளவுதான். கேட்கிறவருக்கு இது நாலு தலைமுறையாக நெஞ்சில் கிடக்கும் விஷயம். படிக்கிறவருக்கு? மதுரைப் பக்கம் ராமசாமி இல்லாத தெரு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். பதில் வராது. கேட்டவரும் சொந்த ஊர்க்காரங்களுக்கு மனசே இல்லைன்னு முடிவு கட்டிவிடுவார்.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. இதுதான் முதல் சிக்கல். வெள்ளைக்காரன் வம்சம் தேடினால் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு முந்நூறு வருஷம் பின்னால் போய்விடுவான். நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். பேரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதானே. ஆக ஒரே குடும்பத்தில் ஒன்றுவிட்டு ஒன்று ராமசாமிதான். "எந்த ராமசாமி?" என்பதற்கு "இன்னார் மகன், இந்த வருஷம் போனவர்" என்று சேர்த்துச் சொன்னால்தான் ஆளைப் பிரிக்க முடியும்.

வேடிக்கை என்னன்னா, கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பியவர்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து 342 பேரோடு கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் போய் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் ஒப்படைத்தார்கள் என்பது வரை பேரேட்டில் பத்தி பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியதுதான், பாசத்தில் எழுதியது இல்லை. ஆனா இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு வழி காட்டுவது அந்தப் பேரேடுதான். மொரிஷியஸிலும் இதே கதை. அங்கே மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தப் பழைய ஆவணங்கள் இருக்கின்றன, பலருடைய புகைப்படம்கூட உண்டு.

இதில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். பேரேட்டில் பெண்களுக்கும் தனி எண், தனிப் பெயர். நம்ம ஊரில் வம்சாவளி சொல்லச் சொன்னால் ஆண்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, "அவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக"ன்னு முடித்துவிடுவார்கள். அந்த ரெண்டு பேரின் பெயர் கப்பல் பேரேட்டில் இருக்கலாம்.

பெயரை எழுதிய குமாஸ்தாவுக்குக் காதில் விழுந்ததுதான் எழுத்து. முனுசாமி மூன்சாமி ஆனார். முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். சாதிப் பட்டம் குடும்பப் பெயராகிவிட்ட வீடும் உண்டு, கொள்ளுத்தாத்தா பெயரே அப்படி ஆன வீடும் உண்டு. அதனால் விசாரிப்பவர்கள் பேரேட்டில் உள்ள எழுத்தைத் திருத்தாமல் அப்படியே கொடுக்க வேண்டும். கூடவே, பாட்டி அந்தப் பெயரை எப்படி உச்சரித்தார் என்பதையும் எழுதினால் நல்லது. சாதிப் பத்தியை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கணும். டிப்போவில் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொல்லிக் கப்பல் ஏறியவர்கள் உண்டு.

ஊர்ப் பெயர் இன்னும் பெரிய வில்லங்கம். குமாரலிங்கபுரத்தையே எடுத்துக்குங்க. 2023இல் ஜவுளிப் பூங்காவுக்குத் தேர்வானதால் பேப்பரில் அடிபட்ட ஊர் இ.குமாரலிங்கபுரம். அந்த முன்னெழுத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும் சீமையில் எம்.ரெட்டியபட்டி மாதிரி முன்னெழுத்து வைத்துத்தான் பிரிக்க முடிகிறது. வால் எழுத்தும் முக்கியம். குமாஸ்தா 'புரம்' எழுதச் சோம்பல்பட்டிருந்தால் நீங்கள் உடுமலைப் பக்கம் அமராவதி ஆற்றங்கரைக் குமாரலிங்கத்தில் போய் நிற்பீர்கள். அங்கே நெல் வயல், இங்கே கரிசல் காடு!

ஜில்லா சமாச்சாரம் அதைவிடக் குழப்பம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் 1910க்கு முன்னால் மதுரை ஜில்லா. சாத்தூர்ப் பக்கம் திருநெல்வேலி ஜில்லா. 1910இல் ரெண்டையும் வெட்டி ஒட்டி ராமநாதபுரம் ஜில்லா. 1985இல் அதைப் பிரித்துக் காமராஜர் மாவட்டம், அதுதான் பிற்பாடு விருதுநகர் மாவட்டம். விருதுநகரே 1923 வரைக்கும் விருதுபட்டி. ரமண மகரிஷி 1879இல் திருச்சுழியில் பிறந்தபோது அது மதுரை ஜில்லா. ஊர் நகரவே இல்லை, மேலே எழுதின பெயர்தான் மூணு தடவை மாறியது. ஆக 1890இல் போன ஒருவரின் சீட்டில் திருநெல்வேலி என்று இருந்தால் தாமிரபரணிக் கரையில் மட்டும் தேடாதீர்கள். ஆள் சாத்தூர்க்காரராக இருக்கலாம்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இந்த மாதிரி கப்பல் பேரேடு கிடையாது. அங்கே கங்காணிதான் பேரேடு. தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, கூட்டமாகக் கூட்டிப் போவார். கழுத்தில் தோட்டத்தின் எண் அடித்த தகரவில்லை தொங்கும். தூத்துக்குடி வழியாகப் போனால் தட்டப்பாறை முகாம், தனுஷ்கோடி வழியாகப் போனால் மண்டபம் முகாம். ஆகவே மலையகக் குடும்பம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது தோட்டத்தின் பெயர், அடுத்தது கங்காணியின் பெயர். ஒரே கங்காணியின் கீழ் இருந்தவர்கள் பலரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம்ம ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறு. ரெண்டும் தெரிந்தால் ரெண்டையும் எழுதணும்.

ஆனா மலையகத்துப் பெரியவர் ஒருவரிடம் "உங்க தாத்தா எங்கே பிறந்தவர்?" என்று சும்மா கேட்டுவிட முடியாது. அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 1948 குடியுரிமைச் சட்டம் கேட்டது அதையேதான். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்தவர் என்று காட்டணும், இல்லாட்டி அப்பாவழித் தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டணும். லயத்தில் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்று ஏது? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி. மாட்டுத் தாவணியில்கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பார்கள். பூர்வீகம் எது என்ற கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் வீடு போய்விடும் என்ற பயத்தில் வாழ்ந்த தலைமுறை அது. "எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கக் கேட்கிறேன்" என்று காரணத்தை முதல் வரியில் சொல்லிவிட்டுத்தான் அவர்களிடம் பேச்சை ஆரம்பிக்கணும்.

இந்தக் கரையில் பயம் வேற மாதிரி. மூணு தலைமுறைக்கு முன்னால் போனவரின் வாரிசு வந்து நிற்கிறார் என்றாலே ஊரில் முதல் யோசனை, "பங்கு கேட்டு வந்திருக்கானோ?" அதைத் தப்பு சொல்ல மாட்டேன். மானாவாரிக் காடு பொட்டலாகக் கிடந்தவரை யாரும் சீந்தவில்லை, இப்போ ரோடும் பூங்காவும் வருகிற இடத்தில் சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். "நிலம், சொத்து எதுவும் கேட்டு வரவில்லை" என்று பளிச்சென்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஏன் ஊரைவிட்டுப் போனார் என்பதையும் எடுத்த எடுப்பில் துருவக் கூடாது. தாது வருஷப் பஞ்சம் என்றால் சொல்லிவிடுவார்கள். கடன், அடிதடி, வேறு சாதியில் கல்யாணம் என்றால் அடுத்த வீட்டுக்காரர் முன்னால் எப்படிச் சொல்வார்கள்?

அப்புறம் முறை. உரிமையோடு எழுதுவதாக நினைத்து "அன்புள்ள மாமா" என்று ஆரம்பிக்கிறார்கள். அவர் பங்காளியாக இருந்தால்? பெரியப்பாவை மாமா ஆக்கினால் ஊரே சிரிக்கும் :-) முறை தெரியும்வரைக்கும் ஐயா, அம்மா, இல்லாட்டி நம்ம பக்கத்து அண்ணாச்சி. "நீ எனக்கு என்ன முறை வேணும்?" என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. சாதியை நேராகக் கேட்பதற்குப் பதில் குலதெய்வம் எது என்று கேட்கலாம். ஊர் மறந்த குடும்பம்கூடக் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன் (ஆட்கள் கற்பனை):

"ஐயா, வணக்கம். நான் டர்பனில் இருக்கிறேன். என் அப்பாவின் தாத்தா ராமசாமி, அவருடைய அப்பா பெயர் கருப்பன். 1895 வாக்கில் சென்னையிலிருந்து கப்பலேறியவர். சீட்டில் ஜில்லா மதுரை, ஊர் 'கொமாரலிங்கபுர்' என்று இருக்கிறது, நகலை இணைத்திருக்கிறேன். குலதெய்வம் அய்யனார் என்று பாட்டி சொல்வார், எந்த அய்யனார் என்று தெரியவில்லை. இது உங்கள் ஊர்தானா, அந்தப் பெயர் வழங்கும் குடும்பம் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும். சொத்து நோக்கம் எதுவும் இல்லை. சொல்ல விருப்பம் இல்லாததை விட்டுவிடலாம். நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் காட்ட மாட்டேன்."

தெரிந்தது, தெரியாதது, கேட்பது மூன்றும் தனித்தனியாக இருப்பதைப் பாருங்க. குடும்பமே இல்லை என்றாலும் இந்தக் கடிதத்துக்கு "இது எங்க ஊர் இல்லை, பக்கத்து ஊரா இருக்கும்" என்றாவது ஒரு பதில் எழுத முடியும்.

இந்த வேலையில் காகிதத்தின் மதிப்பும் கூடியிருக்கிறது. 2024 மார்ச்சில் மொரிஷியஸ்வாழ் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை கிடைக்க வழி செய்வதாகக் குடியரசுத் தலைவர் அங்கே போய் அறிவித்தார். ஏழு தலைமுறைக்குக் கோர்வையாகச் சான்று காட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று யோசிச்சுக்குங்க.

கடிதம் யார் கைக்குப் போகணும் என்பதும் ஒரு விஷயம். தாலுகா ஆபீஸில் பட்டாதான் இருக்கும், பந்தம் இருக்காது. குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்குகிறவரிடம் ஒரு நோட்டு இருக்கும். எந்த வீட்டிலிருந்து எத்தனை தலைக்கட்டு, யார் வெளியூர் போனார்கள், எந்த வகையறா என்பது அவருக்கு அத்துபடி. ரங்கூன்காரர் வீடு, கொழும்புக்காரர் வீடு என்று பட்டப்பெயர் வைத்தே சொல்லுவார். பங்காளிகள் எல்லாரும் மாசி சிவராத்திரிக்குக் கூடுவார்கள். அதற்கு ஒரு மாசம் முன்னாடியே கடிதம் அவர் கைக்குப் போயிருந்தால், அன்றைக்கு ராத்திரி கோயில் வாசலில் நாலு கிழவிகள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.