துடிப்பும் நடுக்கமும்

அவையில் நடுங்குபவனின் கல்வி பயன்படாது போகும் என்பதற்காகவே வள்ளுவர் ‘அவையஞ்சாமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அந்நடுக்கம் ஓட்டத் திடலிலும் உண்டு. கோட்டருகே நிற்கும் வீரனுக்கு நா வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதனைக் கோழைத்தனம் என ஏசுவது பழைய வழக்கம். உளநூலார் கண்டது வேறு.

1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எலிகளை ஆராய்ந்தனர். கடினமான பாடத்தை எலிகள் விரைந்து கற்றது, மின்னதிர்ச்சி மிகாமலும் குறையாமலும் இருந்தபோதுதான். பின்வந்தோர் இதனை விளையாட்டுக்கும் பொருத்தினர். சற்றுத் தாராளமாகவே பொருத்தினர் எனலாம். 1925-இல் கோல்மன் கிரிஃபித், இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் வீரர்களின் மனத்தை ஆராய ஓர் ஆய்வுக்கூடம் கண்டார். 1929-இல் எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளை ஒவ்வொன்றாய் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நூலாக்கினார். ஆயினும் இத்துறைக்கு முதல் உலக மாநாடு 1965-இல்தான் ரோமாபுரியில் கூடிற்று.

அதே ரோமாபுரியில், 1960 ஒலிம்பிக்கில், பேராக் கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன் மலாயாவுக்காக ஓடினார். வயது பதினாறு! பதக்கமில்லை. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம் அவருடையது. 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் என மூன்று தங்கங்கள். அங்கேயே தாப்பாவில் பிறந்த மா. ராஜாமணி மகளிர் 400 மீட்டரில் வென்றார். 1968-இல் மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடியது, 2017 வரை தேசியச் சாதனை. ரோமுக்கும் பாங்காக்குக்கும் இடையில் அவர் எத்தனை கோடுகளின் அருகே நின்றிருப்பார்! நெஞ்சுரத்தைப் பிறவிச் சொத்தென்போர் இவ்வாறு ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

‘துடிப்பு’ என்னும் நம் சொல் வியப்பானது. அஞ்சியவன் நெஞ்சும் துடிக்கிறது. ஆர்வமுடையவனும் ஓடத் துடிக்கிறான். உடலின் குறி ஒன்றே. 2014-இல் ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட சோதனைகளில், பாடுமுன்னும் பேசுமுன்னும் “அமைதியாயிருக்கிறேன்” என்றோரைவிட “ஆர்வமாயிருக்கிறேன்” என்றோரே நன்கு செய்தனர்.

தோட்டப் பள்ளிப் பிள்ளை, ஈப்போவின் பெரிய திடலைப் போட்டியன்றுதான் முதன்முதலில் காணுமாயின், பாதி ஓட்டம் அங்கேயே தோற்றுவிடுகிறது. முன்னாளே அழைத்துச் சென்று, அவன் ஓடப்போகும் தடத்தில் ஒருமுறை நடக்கவிடலாம். மூச்சை மெல்ல விடும் பழக்கத்தையும், முதல் ஐந்தடியை மட்டும் எண்ணும் பழக்கத்தையும் பள்ளித் திடலிலேயே ஏற்படுத்தலாம். பயிற்சியின்போது உடன்பயிலும் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக் கூச்சலிடச் செய்வதும் நன்று. அவர்களும் அதற்குச் சளைக்கமாட்டார்கள்.