நாற்காலிக் கம்பின் வரலாறு

நாற்காலியின் முதுகில் வரிசையாக நிற்கும் மெல்லிய மரக்கம்புகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறிய இங்கிலாந்து நாட்டிற்குச் செல்வோம். இலண்டன் மாநகருக்கு வடமேற்கே சில்ட்டர்ன் குன்றுகள் உள்ளன. அங்கே பீச் மரங்கள் அடர்ந்து வளர்கின்றன. அவற்றினிடையே அமைந்த ஹை விக்கம் என்னும் ஊர், 19ஆம் நூற்றாண்டில் விண்ட்சர் நாற்காலிகளுக்குப் பெரும் பெயர் பெற்று விளங்கியது. 1875ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் அங்கே உருவாயின எனக் கணக்கிட்டுள்ளனர்.

இந்நாற்காலிக்குத் தடித்த பலகையொன்றே ஆதாரம். கால்கள் கீழிருந்தும் கம்புகள் மேலிருந்தும் பலகையின் துளைகளில் பொருந்தும். பலகைக்கு எல்ம் மரத்தைக் கொண்டனர். அதன் நார்கள் பின்னிக் கிடப்பதால் துளையிட்டாலும் எளிதில் பிளவாது. கம்புகளோ விரற்பருமனே உடையவை. ஆயினும் சாய்ந்து அமர்வோரின் பாரத்தை அவை தாங்கியாக வேண்டும். அது எங்ஙனம் இயன்றது? கருவிகளைத் தேர்ந்த முறையிலேயே விடை உள்ளது.

ரம்பம் நேர்கோட்டில் செல்லும். மரத்தின் நாரோ சிறிது வளைந்தும் செல்லும். ஆதலால் அறுத்த கம்பில் நார்கள் இடையிலே துண்டுபட்டு நிற்கும். பாரம் ஏறினால் அவ்விடத்திலேயே முறியும். இதனை அறிந்த தொழிலாளர், கம்புக்குரிய மரத்தை அறுக்காமல் நார்வழியே பிளந்தனர்.

பிளந்த துண்டிற்கு விளிம்புகள் நான்கு. காலால் மிதித்தால் மரத்தை இறுகப் பற்றும் பீடமொன்றில் அமர்ந்து, இருபுறமும் கைப்பிடியுள்ள நீண்ட கத்தியைத் தம்மை நோக்கி இழுத்து அவ்விளிம்புகளைச் சீவினர். நான்கு எட்டாயின, எட்டு பதினாறாயின. இக்கத்தி விரைவாகச் சீவும். நாரோட்டத்தைக் கைக்கு உணர்த்தும். ஆனால் ஆழத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே இறுதிச் சீவலுக்கு, அலகையொட்டிச் சிறு அடித்தட்டு அமைந்த இருபிடி இழைப்புளியைக் கையாண்டனர். எப்பொழுதும் தடித்த பகுதியிலிருந்து மெலிந்த முனை நோக்கியே சீவுதல் வேண்டும். மாறிச் சீவினால் அலகு நாருக்குள் புகுந்து மரத்தைக் கிழித்துவிடும்.

கால்களைச் செய்யும் முறை வேறு. பாட்ஜர் எனப்பட்ட தொழிலாளர் காட்டிலேயே குடிசையிட்டு, ஈரம் காயாத பீச் மரத்தைக் கடைந்தனர். மேலே வளையும் கழி, கீழே மிதிகட்டை, இரண்டையும் இணைக்கும் கயிறு: இவையே கடைசல் பொறி. மிதிக்கும்பொழுது மரம் முன்னே சுழலும். அப்பொழுதுதான் உளி வெட்டும். கழி நிமிரும்பொழுது மரம் பின்னே சுழலும். உளியைச் சற்று விலக்கிக்கொள்வர். காட்டிலே கடைந்தவற்றை 144 கொண்ட கிராஸ் கணக்கில் தொழிற்சாலைகளுக்கு விற்றனர். உழைப்பு மிகுதி, கூலியோ சொற்பம்.

பின்னர் இயந்திரங்கள் பெருகின. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பாட்ஜர் தொழில் ஏறக்குறைய மறைந்தது. இயந்திரம் மனிதனின் கடும் உழைப்பைக் குறைத்தது. அதனை நாம் குறை கூறலாகாது. ஆனால் ஒவ்வொரு மரத்தின் நாரையும் பார்த்து வேலை செய்த கண்ணும் அத்தொழிலோடு அருகிற்று. அவ்வறிவைப் பெற்றிருந்தோருள் பெரும்பாலோர் பெயரின்றி மறைந்தனர். அவர்கள் செய்த பொருள்களே அவர்களுக்குச் சான்று.

மாணவர்களே, பழைய மரக்கம்பு ஒன்றைக் காண நேர்ந்தால் அதன் நாரோட்டத்தை உற்று நோக்குங்கள். முனைக்கு முனை அது அறுபடாமல் ஓடுமாயின், மரத்தை அறிந்த ஒருவரின் கை அதிலே பட்டிருக்கிறது எனக் கருத இடமுண்டு.