நெய்யும் நல்லெண்ணெயும்: கஞ்சா இளகங்களின் கொழுப்புத் தேர்வு – தென்னார்க்காட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கஞ்சாவை உண்ணும் பண்டமாக்கும் மரபில் பசுநெய்யே முதன்மைக் கொழுப்பாக இருந்துள்ளது. எள்ளும் நிலக்கடலையும் மிகுதியாக விளைந்த தென்னார்க்காடு போன்ற நிலப்பகுதியில் எண்ணெய் ஏன் அவ்விடத்தைப் பெறவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நெய் உறையும், நெடுநாள் கெடாது என்று வழக்கமாகக் கூறப்படும் இரு காரணங்களும் இப்பகுதிக்குப் பொருந்தவில்லை என்பதும், மருந்தியல் கருத்தே இத்தேர்வைத் தீர்மானித்திருக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: கஞ்சா, மாஜூன், இளகம், நெய், நல்லெண்ணெய், தென்னார்க்காடு, ஆப்காரி.

முன்னுரை

தென்னார்க்காடு மாவட்டத்தின் ஆட்சித் தலைமையிடமாகக் கடலூரை அடுத்த மஞ்சக்குப்பம் இருந்தது. கள், சாராயம், அபின், கஞ்சா ஆகியவற்றின் உரிமங்களும் வரிகளும் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் இருந்தன. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் இவற்றுள் அபின் நீங்கலான பிறவற்றை ஒரே வரம்புக்குள் கொண்டுவந்தது. கஞ்சா பற்றிய வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் வருவாய், ஒழுக்கம், குற்றம் ஆகிய மூன்று கோணங்களிலேயே நிகழ்ந்துள்ளன. அடுப்படியில் நிகழ்ந்தது என்ன என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. புகைப்பவனுக்குச் சிலும்பியும் நெருப்பும் போதும். உண்பவனுக்கோ கொழுப்பு வேண்டும். எந்தக் கொழுப்பு என்பது சமையல் வினாவாகத் தோன்றினும், அதனுள் மருத்துவம், வேளாண்மை, விலை ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன.

சான்றுகள்

சென்னையில் 1813-இல் வெளிவந்த ஒயிட்லா ஐன்ஸ்லியின் மருந்துப்பொருள் நூலும், அதன் விரிவாக 1826-இல் இலண்டனில் வெளிவந்த நூலும் தென்னிந்தியக் கடைத்தெரு மருந்துகளைப் பதிவுசெய்த முன்னோடி நூல்கள். கஞ்சா இலை, பால், நெய், கசகசா, ஊமத்தம்பூ, எட்டித்தூள், சர்க்கரை ஆகியவை சேர்ந்த கலவையாக ஐன்ஸ்லி மாஜூமைக் குறிக்கிறார். பிசைந்தது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே மாஜூன். யுனானி மருத்துவத்தின் வழியாக இங்கு வழங்கியது. கல்கத்தாவில் 1839-இல் வில்லியம் ஓஷாக்நசி தந்த செய்முறை இன்னும் நுட்பமானது. இலையையும் நெய்யையும் நீருடன் சேர்த்து, நீர் வற்றும்வரை காய்ச்சித் துணியில் பிழிகின்றனர். உறைந்த பச்சை நெய்யை, நிறம் இறங்குவது நிற்கும்வரை நீரில் கழுவுகின்றனர்.

இக்கழுவுதல் கருதத்தக்கது. ஆயுர்வேதத்தின் பங்கிச் சுத்தியிலும் இலையைத் துணியில் முடிந்து, பச்சைச் சாறு நீங்கும்வரை நீரில் கழுவி உலர்த்திய பின்னரே நெய்யில் வறுக்கின்றனர். போதைதரும் பொருள் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும் என்பதை வேதியியல் பின்னர் உறுதிசெய்தது. அப்பொருளான டி.எச்.சி.யைக் கவோனியும் மெக்கூலமும் 1964-இல் தனித்துப் பிரித்தனர். நீர் எதை எடுத்துச்செல்லும், எதை விட்டுச்செல்லும் என்பதை அதற்கு நெடுங்காலம் முன்னரே இச்செய்முறையினர் கையறிவாகக் கொண்டிருந்தனர்.

1893-இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை ஆராய்ந்து, அளவான பயன்பாட்டினால் பெருந்தீங்கு இல்லை என 1894-இல் முடிவுரைத்தது. சென்னை அரசின் கொயினா வேதியியலாளராக உதகமண்டலத்தில் பணிபுரிந்த டேவிட் ஹூப்பர் அவ்வாணையத்திற்காகக் கஞ்சா மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்தார். பகுப்பாய்வுக்கு உட்பட்டது செடி. அது வெந்த நெய் அன்று.

ஏன் நெய்?

சொல்லிலிருந்து தொடங்கலாம். பழந்தமிழில் நெய் என்பது பால்நெய்க்கும் வித்துநெய்க்கும் பொதுச்சொல். எள்ளின் நெய்யே எண்ணெய். ஆகவே பழம்பாடல்களில் ‘நெய்’ எனக் கண்டவுடன் அதைப் பசுநெய் எனக் கொள்வது பிழையாகலாம். சித்த மருத்துவமோ இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பேணுகிறது. அக மருந்துகள் முப்பத்திரண்டில் வெண்ணெய், நெய், இளகம், எண்ணெய் ஆகியவை தனித்தனி வகைகள். இளகத்தில் பாகு காய்ச்சிச் சூரணம் தூவிக் கிளறி, நெய் சேர்த்து, ஆறியபின் தேன் விடுவது முறை.

நெய் உறைந்து பண்டத்திற்கு உருவம் தரும் என்பது முதற்காரணமாகக் கூறப்படுகிறது. ஓஷாக்நசி கண்ட உறைதல் வங்கத்தில் நிகழ்ந்தது. கடலூரின் கோடையில் நெய் உருகியே கிடக்கும். தேங்காயெண்ணெய் மார்கழி விடியலில்தான் உறையும். இங்கு இளகத்திற்கு உருவம் தருவது பாகின் பதமேயன்றிக் கொழுப்பு அன்று.

நெய் கெடாது என்பது அடுத்த காரணம். சித்த மருத்துவத்தின் சொந்தக் கணக்கே இதனை மறுக்கிறது. நெய்க்கும் இளகத்திற்கும் ஆயுள் ஆறு மாதம், எண்ணெய்க்கு ஓராண்டு. வைப்புக்காலமே கருதப்பட்டிருப்பின் நல்லெண்ணெயே வென்றிருக்க வேண்டும்.

விலையும் நெய்க்கு எதிராகவே நின்றது. எள் இப்பகுதியின் பழம்பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கடலை தென்னார்க்காட்டில் பரவி, புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது. செக்கெண்ணெய் எட்டும் தொலைவில் இருக்க, விலைமிகுந்த நெய்யையே செய்முறைகள் வேண்டின. எனவே காரணத்தைக் குணக் கருத்தில்தான் தேட வேண்டும். கஞ்சாவின் வீரியம் வெப்பம். பசுநெய் பித்தம் தணிப்பது. நெய் இங்குக் கரைப்பான் மட்டுமன்று, முறிப்பானும் ஆகும். மணமும் ஒரு காரணமாகலாம். எனினும் கஞ்சாவின் வாடையை மறைக்க நல்லெண்ணெயின் மணமே கூடுதல் வல்லது என்று வாதிடவும் இடமுண்டு.

பிற்கால அறிவியலில் நல்லெண்ணெய் எதிர்பாராத இடத்தைப் பெற்றது. 1985-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, செயற்கை டி.எச்.சி. அடங்கிய மாரினால் மாத்திரையின் ஊடகம் நல்லெண்ணெயே. நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட எலிச் சோதனையில், நல்லெண்ணெயுடன் கொடுத்தபோது குருதியில் சேரும் டி.எச்.சி. ஏறத்தாழ இரண்டரை மடங்காயிற்று. நீள்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் நிணநீர் வழியே அதனைக் கொண்டுசெல்வதே காரணம். நெய்யிலும் அவையே மிகுதி. தேங்காயெண்ணெயில் நடுத்தரச் சங்கிலிகள் மிகுதி. கொழுப்பை மாற்றினால் உடலில் சேரும் அளவும் மாறக்கூடும். உண்டது புகையைப் போல் உடனே தெரிவதில்லை. ஓரிரு மணிநேரம் கழித்தே ஏறும். வீட்டில் செய்த பண்டத்தில் மறு உருண்டை எடுத்தவர் படும் இன்னல் இத்தாமதத்தால் விளைவது. பழைய மருத்துவர் எடை கூறி, வேளை கூறி, நெய்யும் கூறியது இதனால்தான் போலும்.

சட்டத்தின் பார்வை

அதே 1985-இல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பூமுனையோடு சேராத இலையும் விதையும் அச்சட்டத்தின் கஞ்சா வரையறையில் இல்லை. பூமுனையைக் கொண்டு செய்த கலவையோ, நடுநிலைப் பொருள் சேர்ந்திருப்பினும் சேராவிடினும், வரையறைக்குள் அடங்கும். சித்த மருந்தாகக் கஞ்சா மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலில் தொடர்கிறது. கலவையில் போதைப்பொருளின் எடையை மட்டுமே கணக்கிட வேண்டும் என 2008-இல் உச்ச நீதிமன்றம் மைக்கேல் ராஜ் வழக்கில் கூறியது. 2020-இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, நடுநிலைப் பொருளின் எடையும் சேரும் எனத் தீர்ப்பளித்தது. ஒரு கிலோவுக்கு மேல் சிறிய அளவு அன்று என்னும் கஞ்சாவுக்கான வரம்பில், இனி நெய்யும் பாகும் தராசுத் தட்டில் ஏறும். ஐன்ஸ்லியின் பட்டியலில் மருந்தாக நின்ற நெய், சட்டத்தின் சொல்லில் நடுநிலைப் பொருளாக நிற்கிறது.